குழியானையும் தட்டானும்

பூச்சி ஆராய்ச்சி நிலையத்தின் வலைக்கூண்டுக்குள் நுழைவதற்கு முன் லீதியாள் கண்ணாடியைச் சரியாக மாட்டிக்கொண்டாள். தட்டான் யாரையும் கடிப்பதில்லை. ஆனால் இந்தக் கூண்டில் பறந்த தட்டான்கள் அசைகிற எதையும் விட்டுவைப்பதில்லை. இமை கொட்டினால்கூடப் பாய்ந்து வந்து முகத்தருகே ஒரு கணம் நின்று பார்த்துவிட்டுத்தான் போயின.

"எக்கா, நானும் உள்ள வரட்டுமா?" வெளியே நின்றிருந்த தம்பி தானியேல் கேட்டான்.

"வேண்டாம், அங்கனயே நில்லு. எண்ணிட்டு வந்துருதேன்."

தானியேல் மோட்டார் சைக்கிளில் பதினான்கு மைல் வந்திருந்தான். அக்காவைப் பார்க்க வந்ததாகச் சொன்னாலும் அவன் பார்க்க வந்தது தட்டானைத்தான். அவனுடைய ஊர் கடம்பன்குளம், வீடு குளக்கரையிலேயே. மூன்று வருஷத்துக்கு முன்னால் துறைமுகத்தில் இறங்கிய ஏதோ மரத்தடியோடு வந்த மஞ்சள் எறும்பு, செம்மணல் தேரிக்காட்டையும் தாண்டி இப்போது அவன் ஊர் வயல்வரை வந்துவிட்டது. அது கடிப்பதில்லை. கூட்டமாக ஏறி, ஈரமான இடம் தேடிப் போய், கண்ணில் புளிப்பு நீரைப் பீய்ச்சும். ஆட்டுக்குட்டிகள் குருடாயின. பிறகு மனிதர்கள். கண்ணெறும்பு என்று ஊரே பெயர் வைத்துவிட்டது. தானியேலின் மனைவி ரூத், நாலு வயது மகள் ஜெமிமா தூங்கும் கட்டிலின் நாலு காலையும் மண்ணெண்ணெய் ஊற்றிய கிண்ணங்களில் நிறுத்தி வைத்திருந்தாள்.

லீதியாள் எண்ணி முடித்து வெளியே வந்தாள். உயிரோடு இருந்தவை பதினாறு. கூண்டில் விட்டு இன்று ஏழாம் நாள்.

"சாதாரணத் தட்டானுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்? பாக்க ஒண்ணுபோலதான இருக்கு?" என்றான் தானியேல்.

"சாதாரணத் தட்டான் வயிறு நெறஞ்சதும் ஒரு குச்சியில போய் உக்காந்துரும். இதுக்கு நெறஞ்சது தெரியாது. போதும்னு சொல்லுத ஒரு சுரப்பு இருக்கு. அதை முட்டையிலேயே நிறுத்திட்டோம்."

"அப்ப தின்னுகிட்டே இருக்குமா?"

"தின்ன முடியாதப்பவும் புடிச்சுக் கொன்னு கீழ போடும். மழை பெஞ்சதும் கண்ணெறும்போட ராணியெல்லாம் றெக்கையோட கெளம்பும் பாரு, அதுவும் பறந்து வந்து கண்ணுலதான் பீய்ச்சும், ஒரு ராணி தப்பிச்சாலும் ஒரு புத்து. இது தப்ப விடாது. இருபதைத் துரத்துனா பத்தொம்பதைப் புடிச்சுரும்."

பக்கத்துக் கூண்டில் தட்டான் இல்லை. தேரியிலிருந்து லாரியில் கொண்டுவந்து கொட்டிய செம்மணல் இருந்தது. மணலில் புனல் புனலாகச் சின்னக் குழிகள். ஒவ்வொரு குழியின் அடியிலும் வேப்பங்கொட்டை அளவில் ஒரு பூச்சி, இடுக்கி மாதிரி இரண்டு கொம்பை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு புதைந்து கிடந்தது.

"இது குழியானைல்லா! சின்னப்பிள்ளையில எவ்வளவு புடிச்சிருப்போம்."

"அதேதான். இதுக்கும் அந்தச் சுரப்பை நிறுத்தியாச்சு. தட்டான் தண்ணிப் பக்கத்துக்கு, இது தேரிக்கு. எது நல்லா வேலை செய்யும்னு ஒப்பிட்டு எழுதித் தரணும். அதான் நாலு மாசமா எனக்கு வேலை."

"ஒண்ணு இரையத் தேடிப் போகுது, இன்னொண்ணு இரை வரட்டும்னு உக்காந்திருக்கு. நம்ம அப்பாவும் சித்தப்பாவும் மாதிரி" என்று தானியேல் சிரித்தான். சிரிப்பு சீக்கிரம் நின்றது. "எக்கா, இதுங்க பெருகிப்போச்சுன்னா?"

அதே கேள்வியைத்தான் அவளும் நாலு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். "தட்டான் ஒன்பது நாளைக்கு மேல இருக்காது. உக்காராம பறந்து பறந்து செத்துரும். குழியானை வளரணும்னா முதல்ல கூடு கட்டணும். கூட்டுலயிருந்து வெளிய வந்தா அதுவும் றெக்கையோட தட்டான் மாதிரிதான் இருக்கும். ஆனா வயிறு நெறஞ்சாத்தான் கூடு கட்டும். இதுக்குத்தான் நெறையவே செய்யாதே. நாலு மாசத்துல ஒண்ணுகூட கூடு கட்டல."

"அப்ப ரெண்டும் பெருகாது."

"பெருகாது."

தானியேல் வண்டியைக் கிளப்பும்போது, "மழைக்கு முந்தி விட்டுருவியள்லா?" என்று கேட்டுவிட்டுப் போனான்.

அந்த வாரமே அறிக்கை போயிற்று. லீதியாள் கையெழுத்திட்டாள், நிலையத்தின் தலைவர் டாக்டர் சங்கரநயினார் மேலொப்பம் இட்டார். குளத்துப் பக்கம் பன்னிரண்டாயிரம் தட்டான், தேரியில் மூவாயிரம் குழியானை என்று அனுமதி வந்தது. தட்டானை வியாழக்கிழமை விடியலில் திறந்துவிடுவது என்று முடிவாயிற்று. அன்று மாலை மழை என்று வானிலைக்காரர்கள் சொல்லியிருந்தார்கள்.

திங்கட்கிழமை காலை, வேலை முடிந்த கூண்டுகளைப் பிரித்து அடுக்கச் சொல்வதற்காக அவள் நிலையத்தின் பின்பக்கம் போனாள். சாணக்குழிக்கு அருகே மூன்றாம் எண் கூண்டு நின்றது. ஆடிக் காற்றில் அது கிழிந்து, பெரிய கண் வலையால் ஒட்டுப் போட்டிருந்தார்கள். அந்த ஒட்டு வழியாகக் கொசுவும் ஈயும் உள்ளே போய்வந்ததால் இரைக் கணக்கு கெட்டுப்போயிற்று என்று, அவளே சிவப்பு மையால் அடித்து அட்டவணையிலிருந்து நீக்கியிருந்தாள். பிறகு யாரும் அந்தப் பக்கம் போகவில்லை.

கூண்டுக்குள் ஏதோ பறந்தது.

அவள் கிட்டே போனாள். நாலு தட்டான்கள். இறக்கை ஓரமெல்லாம் பிய்ந்து நார்நாராக இருந்தது. ஆனாலும் சாணக்குழியிலிருந்து எழும்பி ஒட்டுக்குள் நுழைகிற ஒவ்வொரு ஈயையும் காத்திருந்து பிடித்தன. பிடித்ததைத் தின்னாமல் கீழே போட்டன. கூண்டின் தரை ஈயால் கறுத்திருந்தது.

எந்தத் தேதியில் விட்டோம் என்று விரல்விட்டு எண்ணினாள். நம்பாமல் இன்னொரு முறை எண்ணினாள். இருபத்தாறு நாள்.

மற்ற ஐந்து கூண்டுகளிலும் காலை எட்டு மணிக்கு அவள் இரை வைப்பாள். பத்து மணிக்குள் எல்லாம் தீர்ந்துவிடும். மீதிப் பகல் முழுக்கத் தட்டான்கள் வெறுங்காற்றில் இரை தேடிப் பறந்தன. ஒன்பது நாளில் செத்தது களைப்பால் அல்ல, இரை தீர்ந்துபோனதால். கூண்டுக்கு வெளியே இரை எப்போது தீரும்?

சங்கரநயினார் எப்போதும் கறுப்புக் கண்ணாடி போட்டிருப்பார். போன வருஷம் தேரியில் கண்ணெறும்பு அவருடைய வலது கண்ணைப் பாதி கெடுத்துவிட்டது. அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"அப்ப எவ்வளவு நாள் இருக்கும்?"

"தெரியாது சார். ரெண்டு மாசம் இருக்கலாம். ஒன்பது நாள் இல்லைங்கறது மட்டும் தெரியும்."

"ரெண்டு மாசம்னா?"

"ஒரு தட்டான் ஒரு நாளைக்கு அறுநூறு பூச்சி கொல்லுது. பன்னெண்டாயிரம் தட்டான். ராணி எறும்பு ஒரு வாரத்துல தீர்ந்துரும். அப்புறம் தேனீ, கருவண்டு, எல்லாம். குளத்துக்குத் தெற்க முழுக்க முருங்கைத் தோட்டம் சார். தையில பூக்கும். பூவுல உக்கார ஒரு வண்டு இருக்காது."

"முருங்கையத் திரும்ப நட்டுக்கலாம்மா. கண்ணை நட முடியுமா?"

"வண்டு இல்லன்னா நட்டதும் காய்க்காதே சார். முருங்கை மட்டுமா? கத்தரி, பாவல், பூசணி..."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெளிறிப்போன அந்தக் கண்ணை அவள் அன்றுதான் கிட்டத்தில் பார்த்தாள். "நீங்க அந்தக் கூண்டுப் பக்கமே போகலன்னு வச்சுக்கலாம். நானும் இதைக் கேக்கலன்னு வச்சுக்கலாம். யாரும் நம்மளத் தப்பா சொல்லப்போறதில்ல. நூறு பிள்ளைங்க கண்ணு தப்பும்."

ஜெமிமாவின் கட்டிலும் நாலு கிண்ணங்களும் அவள் கண்ணுக்குள் வந்து நின்றன.

"எழுதணும்னா எழுதுங்க" என்றார் அவர் கடைசியில். "அறிக்கை உங்க பேருல இருக்கு. திருத்தமும் உங்க பேருல வரட்டும். நான் அனுப்பி வைக்கேன், தடுக்க மாட்டேன்."

"குழியானைய விடலாம் சார்" என்றாள் அவசரமாக. "அது எங்கயும் போகாது. ஒவ்வொரு குழிக்கும் ஒரு கொடி நட்டுட்டா, அஞ்சாறு மாசத்துல ஒண்ணு விடாம தோண்டி எடுத்துரலாம். அதுல தப்பில்ல."

அதைச் சொல்லும்போது அவளுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. அறிக்கையில் பாதியாவது நிற்கிறதே.

புதன்கிழமை தட்டானுக்கு மட்டும் தடை வந்தது. வியாழக்கிழமை சொன்னபடியே மூன்று மணிக்கு மழை பிடித்தது.

தட்டான் அடைத்த நாற்பது பெட்டிகளும் கிடங்கில் இருந்தன. இரை வைக்காமல் விட்டால் தாமாகவே செத்துவிடும் என்பதால் அப்படியே மூடி வைத்திருந்தார்கள். பன்னிரண்டாயிரம் தட்டான்களின் இறக்கைகள் வலைக்கண்ணில் உரசும் சத்தம் மழைச் சத்தத்தையும் மீறிக் கேட்டது. அந்தச் சத்தத்துக்கு நடுவே ஒரு ஸ்டூலைப் போட்டு லீதியாள் உட்கார்ந்திருந்தாள். ஏன் அங்கே உட்கார்ந்தாள் என்று கேட்டால் அவளால் சொல்லியிருக்க முடியாது.

தானியேல் சொட்டச் சொட்ட நனைந்து உள்ளே வந்தான்.

"மழை விட்டுவிட்டுப் பெய்யுது. வெயில் லேசா அடிச்சதும் ராணியெல்லாம் கெளம்பிட்டு அக்கா. குளத்து மேல புகை மாதிரி நிக்குது. ரூத்து கதவு ஜன்னலெல்லாம் துணியடைச்சு வச்சுகிட்டு உக்காந்திருக்கா." அவன் பெட்டிகளைப் பார்த்தான். "இதுதான?"

"தானியேலு, நான் போன்ல சொன்னேன்ல..."

"சொன்ன. கேட்டேன். ஒரு பெட்டி. ஒரே ஒரு பெட்டி குடு. முந்நூறு தட்டானால ஒலகம் அழிஞ்சிராது."

"உனக்கு ஒண்ணு குடுத்தா அடுத்த தெருவுக்கு? அடுத்த ஊருக்கு? எல்லாருக்கும் பிள்ளை இருக்கு."

"எல்லாரும் உன் தம்பி இல்ல."

அவன் முதல் பெட்டியின் கொக்கியில் கை வைத்தான். லீதியாள் எழுந்து அவன் கை மேல் தன் கையை வைத்தாள். அழுத்தவில்லை. அவன் நினைத்திருந்தால் தட்டிவிட்டிருக்கலாம். இருவர் கைக்கும் கீழே பெட்டி அதிர்ந்துகொண்டிருந்தது.

"பிள்ளையையும் ரூத்தையும் கூட்டிட்டு இங்க வந்துரு. இங்க எறும்பு கெடையாது. இப்பவே போ."

"அம்மாவ? ரூத்து வீட்டாள? பக்கத்து வீட்டு ரெட்டைப் பிள்ளைங்கள? ஊரையே கூட்டிட்டு வரட்டுமா?"

அவள் கையை எடுக்கவில்லை. தானியேல் கொக்கியிலிருந்து கையை உருவிக்கொண்டு போய்விட்டான். வண்டிச் சத்தம் மழையில் மறைந்தது.

சனிக்கிழமை காலை ஜெமிமா, வெளுத்த வானத்தைப் பார்த்துவிட்டு, யாரும் கவனிக்காத நேரத்தில் கொல்லைக் கதவைத் திறந்தாள். இடது கண்.

அந்த ஊரில் மட்டும் பத்தொன்பது பேர். ஆஸ்பத்திரி வராந்தாவில் பாய் விரிக்க இடமில்லை. லீதியாள் போனபோது ரூத் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிள்ளை கட்டோடு தூங்கிக்கொண்டிருந்தது. தானியேல் வராந்தாவரை வந்து, "நீ போக்கா" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. பார்வை திரும்பாது என்று பத்தாம் நாள் டாக்டர் சொன்னதை அம்மா சொல்லித்தான் தெரிந்துகொண்டாள்.

பிறகு ஆறு மாதம் தானியேல் அவளோடு பேசவில்லை.

தேரியில் விட்ட குழியானைகள் நன்றாக வேலை செய்தன. பனையேறிகள் கார்த்திகைக்குப் பிறகு பயமில்லாமல் மரத்தடியில் உட்கார்ந்தார்கள். ஒரு நாள் நாலைந்து பேர் வந்து ஓலைப்பெட்டியில் கருப்பட்டி கொடுத்துவிட்டுப் போனார்கள். தையில் முருங்கை பூத்தது, மாசியில் காய்த்தது. சுயம்புலிங்கம் என்ற தோட்டக்காரர், தட்டானை நிறுத்தியது யார் என்று எப்படியோ விசாரித்து அறிந்து, ஒரு கட்டு முருங்கைக்காயோடு வந்து கும்பிட்டார். "எங்க பதினேழு குடும்பத்துக்கும் சோறு போட்டியம்மா" என்றார். அவள் வாங்கி, வாசற்காவலரிடம் கொடுத்துவிட்டாள். அவளால் அதைச் சமைத்துத் தின்ன முடியாது.

சித்திரையில் குழியானைகளைத் தோண்டி எடுக்கத் தொடங்கினார்கள். ஒரு கொடி, ஒரு குழி, ஒரு கரண்டி மணல், ஒரு சல்லடை. பெண்கள் ஐந்து பேர் வெயிலுக்கு முந்தி வந்து ஒன்பது மணிக்குள் முடித்துவிட்டுப் போவார்கள். பன்னிரண்டாம் நாளோடு மூவாயிரம் கொடியும் முடிந்தது. இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது பூச்சி கிடைத்தது. ஒரு குழி வெறுமையாக இருந்தது. கொண்டலாத்திப் பறவை கொத்திக்கொண்டு போயிருக்கும் என்று பதிவேட்டில் எழுதிக்கொண்டாள்.

அன்றைக்குத்தான் தானியேல் வந்தான். வண்டியைப் பனை நிழலில் நிறுத்திவிட்டு மணலில் கால் புதையப் புதைய நடந்து வந்தான். இளைத்திருந்தான்.

"ஜெமிமா எப்படி இருக்கா?" என்றாள் லீதியாள்.

"தட்டுத்தடுமாறாம நடக்கப் பழகிட்டா." சல்லடையைப் பார்த்துக்கொண்டே, "நீ விடாம வச்சிருந்தது, விட்டது, ரெண்டையும் யோசிச்சுகிட்டே இருந்தேன். விட்டதையாவது கண்ணால பாக்கணும்னு தோணிச்சு. அதான் வந்தேன்" என்றான்.

அவள் சல்லடையிலிருந்த கடைசிப் பூச்சியை உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள். அவன் நீண்ட நேரம் பார்த்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் தோண்ட வந்த பெண்களில் ஒருத்தியான பேச்சியம்மாள் கூப்பிட்டாள்.

"டாக்டரம்மா, இங்கன கொடியில்லாம குழி கெடக்கே!"

கொடி நட்ட இடத்திலிருந்து ஐம்பது அடி தள்ளி, முந்திரிக் கொல்லாமரத்து நிழலில் காசு அளவில் பதினொரு குழிகள் இருந்தன. எல்லாம் புதுசு.

"காட்டுல தானா இருக்கதுதான் இது" என்றாள் லீதியாள். தேரியில் குழியானை எப்போதும் உண்டு. "சோதிச்சுட்டாப் போச்சு. சாதாரணமானதா இருந்தா நாலு எறும்பு தின்னதும் நிறுத்திரும். அஞ்சாவதைப் போட்டா அது பாட்டுக்கு ஏறி வெளிய போயிரும்."

ஜீப்பில் ஒரு பாட்டில் எறும்பு இருந்தது. அக்காவும் தம்பியும் எதிரெதிரே முழங்காலிட்டு உட்கார்ந்தார்கள். லீதியாள் இடுக்கியால் ஒவ்வொன்றாகப் போட்டாள். முதல் குழி மூன்றோடு நிறுத்தியது. இரண்டாவது நாலு. மூன்றாவதும் நாலு. நிறுத்திய குழியிலிருந்து எறும்பு தப்பி ஏறி வரும்போதெல்லாம் அவள் தோள் கொஞ்சம் இறங்கியது. பத்துக் குழியும் நின்றுவிட்டது. தானியேல்கூட லேசாகச் சிரித்தான்.

பதினொன்றாவது குழி வேரோரம் இருந்தது. நாலு போட்டாள். மணல் தெறித்தது, எறும்பு கீழே போயிற்று. ஐந்து. ஆறு. ஒன்பதாவதை அது உறிஞ்சக்கூட இல்லை. கொன்று, கொம்பால் நெம்பி வெளியே எறிந்தது. அவளிடமிருந்து இடுக்கியைத் தானியேல் வாங்கிக்கொண்டான். அவன் போட்டுக்கொண்டே இருந்தான். இருபது. முப்பது. குழியைச் சுற்றிச் செத்த எறும்பு வளையமாகச் சேர்ந்தது. பாட்டில் காலியானது.

பேச்சியம்மாள் எதுவும் புரியாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஒண்ணுகூட கூடு கட்டாதுன்னு சொன்னியே அக்கா" என்றான் தானியேல் மெதுவாக.

"நாலு மாசம் பாத்தேன்" என்றாள். சொல்லும்போதே அவளுக்குத் தன் குரல் கேட்டது. நாலு மாதம், அதுவும் வலைக்குள். தட்டான் கணக்கில் அந்தத் தப்பைக் கண்டுபிடித்தவளும் அவள்தான். அதே கேள்வியைக் குழியானையிடம் அவள் கேட்கவேயில்லை. ஏதாவது ஒன்று சரியாக இருந்தாக வேண்டும் என்று அவளுக்கு அன்றைக்கு அவ்வளவு தேவையாக இருந்தது.

"அந்த வெறுங்குழியில இருந்தத கொண்டலாத்தி கொத்தல, அது கூடு கட்டியிருக்கு. றெக்கை முளைச்சு முட்டையும் போட்டிருக்கு, இது அதோட குஞ்சு. ஒரே முட்டையோட நிறுத்தியிருக்காது, தானியேலு."

"எவ்வளவு தூரம் பறக்கும்?"

"காத்து கொண்டுபோற தூரம்." அவள் எழுந்து, கையில் ஒட்டிய செம்மணலைத் தட்டாமல் நின்றாள். "அது பறந்தது மாசியிலதான் இருக்கும். அப்ப இங்க காத்து எந்தப் பக்கம் அடிக்கும்?"

தானியேல் கடல் இருந்த திசையைப் பார்த்தான். பிறகு திரும்பி, எதிர்த்திசையில், பனைகளுக்கு அப்பால் கடம்பன்குளம் இருந்த பக்கம் கையைக் காட்டினான். காட்டிய கையை இறக்கி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பேச்சியம்மாளிடமிருந்து சல்லடையை வாங்கினான்.